பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி: கிளினிக்கிலிருந்து வகுப்பறை வரை, தோட்டத்துப் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

என் மகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் மூன்றாவது வீட்டில் பிஸ்கட் டின் திறக்கும் சத்தம் கேட்டால் ஓடுவான். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று மாமியார் சொன்னார். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலிலேயே ஒன்றரை வருடம் போய்விட்டது.

இப்போது அவனுக்கு 11 வயது. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். நாங்கள் இருப்பது மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். ஒரு வேலைக்குக் கோலகங்சார், இன்னொரு வேலைக்கு ஈப்போ என்று அலைந்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். அக்கம்பக்கத் தோட்டங்களிலிருந்து தாய்மார்கள் வந்து, "அக்கா, எங்க போய் ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளையின் காரியம் மூன்று இடத்தில் நடக்கிறது. நோயை, குறையைக் கண்டறிவது சுகாதார அமைச்சின் கிளினிக்கும் மருத்துவமனையும். ஓ.கே.யூ. கார்டு, அதாவது உடற்குறையுடையோர் அட்டை கொடுப்பது சமூகநல இலாகா, அதாவது ஜே.கே.எம். வகுப்பில் இடம் கொடுப்பது கல்வி இலாகா. ஓர் இடத்தில் கொடுத்த காகிதம் இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போகாது. கொண்டுபோக வேண்டியவர்கள் நாம்தான்.

அதனால் முதல் செலவு, ஒரு கெட்டியான பைல். பிறப்புச் சான்றிதழ், மைகிட் எனும் பிள்ளையின் அடையாள அட்டை, பெற்றோர் இருவருடைய ஐ.சி., கிளினிக்கில் கொடுத்த குழந்தைச் சுகாதாரப் புத்தகம், ஒவ்வொரு அறிக்கையும், ஒவ்வொரு தேதிச்சீட்டும் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மூன்று போட்டோஸ்டேட். மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அப்படியென்றால் தேசியப் பதிவு இலாகாவுக்கு உடனே போய்த் தாமதப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். அது முடியட்டும் என்று கிளினிக்கை நிறுத்திவைக்க வேண்டாம், இரண்டும் ஒன்றாக நடக்கட்டும்.

முதல் படி: பார்த்ததை எழுதி வையுங்கள்

டாக்டர் நம் பிள்ளையைப் பார்ப்பது பத்து, பதினைந்து நிமிடம். அந்த நேரத்தில் பிள்ளை மிரண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், அல்லது தூங்கிப்போயிருக்கும். வீட்டில் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான். "கொஞ்சம் வித்தியாசமா இருக்கான் டாக்டர்" என்றால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது.

நான் ஒரு பள்ளி நோட்டில் இரண்டு வாரம் எழுதினேன். அதில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"திங்கள். காலை இட்லியில் சட்னி பட்டதும் தட்டைத் தள்ளிவிட்டான். தனியாக வைத்தால் சாப்பிட்டான். மதியம் காற்றாடியைப் பார்த்து நாற்பது நிமிடம் நின்றான், கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஜாடி மேல் வைத்தான். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான்."

டாக்டர் அதை வாங்கி முழுவதும் படித்தார். அதோடு கைப்பேசியில் இரண்டு மூன்று சின்ன வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளை அடம்பிடிக்கும்போது வீடியோ எடுப்பது மனதுக்குக் கஷ்டம்தான், எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் எடுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் 18 மாதத்தில் தடுப்பூசிக்குப் போகும்போது எம்-சாட் என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் தாள் அது. வரிசையில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆம், ஆம்" என்று கோடு போட்டுவிட்டு வராதீர்கள். கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ புரியவில்லை என்றால் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டு நிரப்புங்கள். பிள்ளை அந்த வயதைத் தாண்டிவிட்டதா? பரவாயில்லை, அதே கிளினிக்குக்குப் போய் வளர்ச்சியில் சந்தேகம் இருக்கிறது என்று சொல்லிப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

இரண்டாம் படி: மருத்துவமனை

கிளினிக் கொடுக்கும் கடிதத்தோடு குழந்தை நல நிபுணரிடம் போக வேண்டும். எங்களுக்கு அது ஈப்போ பொது மருத்துவமனை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி, அவ்வளவுதான் கட்டணம். செலவெல்லாம் போக்குவரத்தும் ஒரு நாள் கூலியும்தான். அதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியை எழுதினால் அது நேர்மையாக இருக்காது. வெட்டு வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் ஒரே நாளில் இரண்டு சந்திப்பை வைத்துக்கொடுக்க முடியுமா என்று கவுன்டரில் கேளுங்கள். தூரத்துத் தோட்டத்திலிருந்து வருகிறோம் என்று சொன்னபோது எங்களுக்கு இரண்டு முறை அப்படிச் செய்து கொடுத்தார்கள்.

முதலில் காது, கண் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையை "மந்தம்" என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும் கதை புதிதல்ல. அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சியாளர், ஓ.டி. என்று சொல்லும் தொழில்வழிப் பயிற்சியாளர், தேவைப்பட்டால் மனநல நிபுணர் ஆகியோரிடம் அனுப்புவார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் நடுவில் மாதங்கள் ஓடும். தேதிக்குப் போக முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்து மாற்றுங்கள். சும்மா விட்டுவிட்டால் மறுபடி வரிசையின் வால்.

மொழி விஷயத்தில் கவனமாக இருங்கள். பிள்ளை வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்திருக்கும். அங்கே மலாயில் "மனா கூச்சிங்?" என்று பூனைப் படத்தைக் காட்டச் சொன்னால் விழிக்கும். உள்ளே போனதும், "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், நான் மொழிபெயர்த்துக் கேட்கலாமா?" என்று சொல்லிவிடுங்கள். அறிக்கையிலும் அதைக் குறிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, "இனி வீட்டில் ஒரே மொழி, ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று சிலர் புத்தி சொல்வார்கள். இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வருவதில்லை. பாட்டியோடு பேச ஒரு மொழி பிள்ளைக்கு வேண்டாமா?

வெளியே வரும்போது அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கு, ஜே.கே.எம்.முக்கு என்று சொல்லிக் கேட்டால், எந்தப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: ஓ.கே.யூ. கார்டு

இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. "கார்டு எடுத்தா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி, நாளைக்கு யார் பொண்ணு குடுப்பா?" என் வீட்டிலும் இதே பேச்சு. நான்கு மாதம் அந்தப் படிவம் சாமி மாடத்தில் கிடந்தது. கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுங்கள், நானும் எடுத்தேன். ஆனால் படிவத்தை மட்டும் மாடத்தில் வைக்காதீர்கள்.

பதிவு கட்டாயமில்லை, நம் விருப்பம். கட்டணமும் இல்லை. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தின் கீழ் நடப்பது இது. கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல் சிக்கல், மனநலம், பலவகை என்று ஏழு பிரிவு. ஆட்டிசம், டவுன் சின்ட்ரோம், ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில், எழுதுவதில் சிக்கல்), அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் "கற்றல் சிக்கல்" பிரிவில் வரும். டாக்டர் பகுதியை நிரப்பி முத்திரை போட்டதும், பாஸ்போர்ட் அளவு படம், மைகிட் நகலோடு மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கொடுக்கலாம். ஸ்மோக்கு என்ற இணையத்தளம் வழியாகவும் பதியலாம். கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக் கட்டணம் கிடையாது.

பள்ளி இடத்துக்குக் கார்டு வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2013ஆம் ஆண்டு சிறப்புக் கல்வி விதிமுறை கேட்பது தகுதியுள்ள நிபுணரின் சான்றை. மருத்துவர், கண் பரிசோதகர், செவித்திறன் நிபுணர், உளவியல் நிபுணர் ஆகியோரில் பிள்ளையின் நிலைக்கு ஏற்றவர் கொடுக்க வேண்டும். ஆகவே கார்டு இன்னும் கைக்கு வரவில்லை என்பதற்காகப் பள்ளி விண்ணப்பத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் கார்டு இருந்தால் எல்லா வாசலிலும் பேச்சு சுருக்கமாக முடியும் என்பதும் உண்மை.

நான்காம் படி: எந்த வகுப்பு?

நான் அதிக நேரம் யோசித்தது இதில்தான். நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

பி.பி.கே.ஐ. என்பது சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனியாக இயங்கும் சிறப்பு வகுப்பு. பிள்ளைகள் குறைவு, சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருப்பார்கள், பி.பி.எம். என்ற உதவியாளர் இருப்பார். பி.பி.ஐ. என்பது மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காருவது. எல்லாப் பாடத்துக்கும் சேர்ந்து உட்கார்ந்தால் முழு இணைப்பு. ஓவியம், உடற்கல்வி, கணிதம் என்று சில பாடத்துக்கு மட்டும் போனால் பகுதி இணைப்பு. மூன்றாவது, தனிச் சிறப்புப் பள்ளி. பெரும்பாலும் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கானது. பினாங்கில் 1954இல் தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி, ஜொகூர் பாருவில் பார்வையற்றோருக்கான பிரின்சஸ் எலிசபெத் பள்ளி எல்லாம் இந்த வகை.

பள்ளிக்கு இன்னும் தயாராகாத பிள்ளைக்குப் பி.டி.கே. இருக்கிறது. சமூகநல இலாகாவின் கீழ் ஊர்மக்கள் குழு நடத்தும் மறுவாழ்வு நிலையம் அது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி இப்போது நாடு முழுக்க இருக்கிறது. என் மகன் ஐந்து வயதில் ஒரு வருடம் பி.டி.கே.க்குத்தான் போனான். ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட, வரிசையில் நிற்க அங்கேதான் கற்றுக்கொண்டான்.

நம் எல்லோருக்கும் வரும் கேள்வி வேறு. தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா? பி.பி.கே.ஐ. வகுப்பு உள்ள தமிழ்ப்பள்ளிகள் குறைவு. உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறப்பு வகுப்பு தேசியப் பள்ளியில்தான் இருக்கக்கூடும். தமிழ்ப்பள்ளியில் சேர்த்துச் சாதாரண வகுப்பில் ஒரு மூலையில் உட்காரவைப்பதா, தமிழே காதில் விழாத சிறப்பு வகுப்பில் சேர்ப்பதா? நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், பிள்ளையும் அங்கேதான் என்று நினைத்திருந்தேன். என் கருத்து இதுதான்: பயிற்சி பெற்ற ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகட்டும், தமிழை வீட்டில் நாம் காப்பாற்றலாம். ஆனால் பிள்ளைக்கு எழுத்தில் மட்டுமே சிக்கல், பேச்சும் புத்தியும் நன்றாக இருக்கிறது என்றால் தமிழ்ப்பள்ளியில் இணைப்பு முறைக்கு முயற்சி செய்யுங்கள். முடிவு செய்வதற்குமுன் இரண்டு பள்ளிக்கும் நேரில் போய் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வேலிக்கதவு பூட்டியிருக்கிறதா, ஓய்வு நேரத்தில் பிள்ளைகளோடு யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். குறைநீக்கல் வகுப்பு வேறு, சிறப்புக் கல்வி வேறு. குறைநீக்கல் வகுப்பு, படிக்க எழுத எண்ணத் தடுமாறும் படிநிலை ஒன்று (முதல் மூன்று ஆண்டு) மாணவர்களுக்கு நடத்துவது. அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழின் 247 எழுத்து, மலாய், ஆங்கிலம் மூன்றையும் சுமக்கிறார்கள், தடுமாறுவது எல்லாம் குறைபாடு ஆகாது. ஆனால் குறைநீக்கல் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்தும் மூன்று மொழியிலும் எழுத்து மனதில் நிற்கவில்லை என்றால், டிஸ்லெக்சியாவா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "சோம்பேறி" என்று அடிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பம்

முதலாம் ஆண்டுக்கான பதிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுபோல் முந்தைய ஆண்டே செய்துவிடுங்கள். அதோடு பி.பி.டி. எனப்படும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சிறப்புக் கல்வி அதிகாரியைப் பார்த்து, எந்தப் பள்ளியில் பி.பி.கே.ஐ. இருக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். எங்கள் பக்கத்துக்கு அது கோலகங்சார். மருத்துவச் சான்று, அறிக்கைகள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் விண்ணப்பத்தோடு போகும். சில பள்ளிகளில் சிறப்புப் பாலர் வகுப்பும் உண்டு. பிள்ளை இன்னும் சின்னது என்றால் அதையும் விசாரியுங்கள்.

இங்கே எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில், பைலைத் திறக்கக்கூட இல்லாமல், "இடம் இல்லை, இவன் இங்கே சமாளிக்க மாட்டான்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன். பிறகுதான் தெரிந்தது, வாயால் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது என்று.

உங்களுக்கு அப்படி நடந்தால் மரியாதையாக, "சிக்கு (ஆசிரியரே), இதை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். கொடுக்க மறுத்தால் நீங்களே அன்றிரவு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார். அதை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாநிலக் கல்வி இலாகா இருக்கிறது. 2019 முதல் கல்வி அமைச்சு "சிஃபார் பெனோலாக்கான்" கொள்கையை நடைமுறைப்படுத்துகிறது. எந்தச் சிறப்புப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்பதே அதன் பொருள். 2008 சட்டத்தின் 28ஆம் பிரிவும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. கடிதத்தில் இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள், போதும். சத்தம் போட வேண்டியதில்லை. மலாயில் எழுதத் தெரியவில்லை என்றால் படித்த பிள்ளை யாரையாவது உட்கார வைத்து எழுதுங்கள்.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம்

இடம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்கு மிகாத ஒரு பார்வைக் காலம் உண்டு. இந்த வகுப்பு பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று அப்போதுதான் பார்ப்பார்கள். அதில் அவர்கள் அதிகம் கவனிப்பது "ஊருஸ் டிரி", தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வது. ஏ, பி, சி தெரியுமா என்பதைவிடக் கழிப்பறைக்குப் போகத் தெரியுமா என்பது பெரிது.

சேர்வதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே வீட்டில் பழக்குங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த காற்சட்டை, ஒட்டுப்பட்டை வைத்த காலணி வாங்குங்கள். பள்ளியில் என்ன சொல்லிக் கேட்க வேண்டுமோ அதே வார்த்தையைக் கற்றுக்கொடுங்கள். தேசியப் பள்ளி என்றால் "சிக்கு, தண்டாஸ்" போதும். பேச்சு வராத பிள்ளைக்குக் கழிப்பறைப் படம் ஒன்றை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிவிடலாம், காட்டினால் புரிந்துகொள்வார்கள்.

என் மகனின் சாப்பாடு முதல் வாரம் முழுவதும் அப்படியே திரும்பி வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று தினமும் ஒன்றை மாற்றி மாற்றிச் சமைத்தேன். வெள்ளிக்கிழமை உதவியாளர் அக்காதான் சொன்னார், டப்பாவின் கிளிப்பைத் திறக்க அவனுக்கு விரலில் பலம் இல்லை என்று. வெறும் மூடி போட்ட டப்பா வாங்கினோம், திங்கட்கிழமை டப்பா காலி.

ஏழாம் படி: ஆர்.பி.ஐ.

இது தனிநபர் கல்வித் திட்டம். இந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, எதைக் கற்க வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று எழுதும் தாள். ஆசிரியர் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிக் கையெழுத்து வாங்குவார். பலர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன்.

"மொழியில் முன்னேற்றம் காண்பான்" என்று எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். எப்படி அளப்பது? "ஜூன் முடிவதற்குள் தன் பெயரைப் பார்த்து எழுதுவான், பத்து முறையில் ஏழு முறை சரியாக" என்று இருந்தால் ஜூனில் நீங்களும் ஆசிரியரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். வீட்டிலிருந்து ஓர் இலக்கையாவது நீங்கள் கொண்டுபோங்கள். நான் கேட்டது காசு எண்ணுவது. கடைக்குப் போனால் 1 வெள்ளி நோட்டையும் 5 வெள்ளி நோட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும் என்றேன். ஆசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நகலை வாங்கிப் பைலில் வையுங்கள், ஆசிரியர் மாறும்போது புதியவருக்கு முதலில் அதைக் காட்டுங்கள். பகுதி இணைப்பு வேண்டும் என்று நினைத்தாலும் அதைக் கேட்கும் இடம் இந்தக் கூட்டம்தான்.

உதவித்தொகையைப் பற்றிச் சுருக்கமாக. சிறப்புத் தேவை மாணவர்களுக்கு மாதம் 150 வெள்ளி உண்டு, பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கு தேவை. எங்களுக்கு மாதாமாதம் வருவதில்லை, சில மாதத்துக்குச் சேர்ந்து வரும். அதனால் அதை நம்பி வேன் கட்டணத்தைக் கடன் சொல்லாதீர்கள்.

இடைநிலைப் பள்ளியும் அதற்குப் பிறகும்

ஐந்தாம் ஆண்டிலேயே ஆசிரியரிடம் கேளுங்கள், பக்கத்தில் எந்த இடைநிலைப் பள்ளியில் பி.பி.கே.ஐ. இருக்கிறது என்று. பைல் கனமாகியிருக்கும், அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே பி.பி.டி.க்குப் போக வேண்டும். கைத்தொழிலில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு ஷா ஆலாம், ஜொகூரில் இண்டாபூரா, கெடாவில் மெர்போக் ஆகிய இடங்களில் சிறப்புக் கல்வித் தொழிற்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே போகத் தன் துணியைத் தானே துவைக்கத் தெரிந்திருந்தால் நல்லது. என் மகனுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு வாளியும் இரண்டு சட்டையும் கொடுத்திருக்கிறேன்.

கடைசியாக, பிள்ளைக்குப் பத்து வயது, பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, பள்ளிப் படியே மிதிக்கவில்லை என்று தலைகுனிந்து நிற்கும் தாய்மார்களுக்கு. போன மாதம்கூட ஒருவர் வந்தார், பெண் பிள்ளை, வயது 13. உங்களுக்கும் அதே வழிதான். நாளைக் காலை அந்தச் சுகாதாரப் புத்தகத்தைத் தேடி எடுங்கள், கிடைக்காவிட்டால் பிறப்புச் சான்றிதழ் போதும். ஏழரை மணிக்குக் கிளினிக்குக்குப் போய் நம்பர் எடுங்கள். "வளர்ச்சியில் சந்தேகம், பரிந்துரைக் கடிதம் வேண்டும்" என்று சொல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், முன்பே இந்த வழியில் போய் வந்த தாய் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.